அண்ணன்ர கையில தடியைக் குடுத்தது நாங்கள்தான்: வீட்டுக்குள்ள சகோதரங்களுக்குள்ள நடக்கிற கொடுமையை நிப்பாட்டுற வழி

பரந்தன் முல்லைத்தீவு றோட்டில, நான் வேலை செய்யிற உடுப்புத் தைக்கிற காமன்ஸின்ர பஸ் என்னை இறக்கிவிடேக்க ஆறு மணி தாண்டியிருக்கும், அங்கால ஒழுங்கையால நடந்து வரேக்க தூரத்திலயே தெரியும் படலையடியில சின்னவன் நிக்கிறது, மழையெண்டாலும் பொலித்தீன் பாக்கைத் தலையில போட்டுக்கொண்டு நிப்பான். அம்மாவில அவ்வளவு பாசம் எண்டு பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லிச் சந்தோசப்பட்டிருக்கிறன். ஒரு வருசத்துக்குப் பிறகுதான் விளங்கினது அவன் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கேல்ல, நான் வராம வீட்டுக்குள்ள போகப் பயத்தில வெளியில நிண்டவன் எண்டு.

பெரியவனுக்கு 14, சின்னவனுக்கு 9. இவர் உழவுக்கு, அரிவி வெட்டுக்கு எண்டு மெசினோட போனால் ரெண்டு மூண்டு நாளைக்கு வீட்டுப் பக்கம் வரமாட்டார். பள்ளிக்கூடம் ஒண்டரைக்கு விட்டா ஆறு மணி மட்டும் ரெண்டு பேரும் தனிய. நான் வேலைக்குப் போகத் தொடங்கின முதல் நாள் பெரியவனைக் கூப்பிட்டு "தம்பியை வடிவாப் பாத்துக்கொள், சொல்வழி கேக்காட்டி ரெண்டு போடு" எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். எங்கட பக்கத்தில இதைச் சொல்லாத தாய் ஆர்? என்ர அம்மாவும் எனக்குச் சொன்னவ, நானும் என்ர தம்பிக்கு ரெண்டு இல்லை இருபது போட்டிருக்கிறன், அந்தக் கதையைப் பேந்து சொல்லுறன்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, பிள்ளையள் அடிபடுறது எல்லாம் கொடுமை இல்லை. றிமோட்டுக்கு அடிபடுங்கள், மாங்காய்க்கு அடிபடுங்கள், அஞ்சு நிமிசத்தில ஒண்டாயிருந்து யூரியூப் பாக்குங்கள், அதுக்குள்ள நாங்கள் தலையைக் குடுக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்குள்ள நடக்கிற வதையைப் பற்றி 1970களிலயே முறையா ஆராயத் தொடங்கினவர் டான் ஒல்வேயஸ், சுவீடனில பிறந்து நோர்வேயில வேலை செய்தவர், அவர் மூண்டு விசயத்தைப் பாக்கச் சொல்லுறார். வேணுமெண்டு செய்யிறதா, திரும்பத் திரும்ப நடக்குதா, ஒருத்தருக்குப் பலம் கூடவும் மற்றவருக்குக் குறைவாயும் இருக்கா. இந்த மூண்டும் சேர்ந்தா அது சண்டை இல்லை. வீட்டுப் பாசையில நான் இப்பிடித்தான் பாக்கிறனான்: ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டு கவனியுங்கோ, ஒவ்வொரு முறையும் தோக்கிறது ஒரே ஆளா? அடிபட்டு முடிய ஒருத்தன் சிரிக்கிறான் மற்றவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான் எண்டால் அது விளையாட்டில்லை. பெரியவன் நடு அறையில இருந்தா சின்னவன் குசினிப் பக்கத்தால சுத்திக்கொண்டு முன்னுக்கு வாறானா எண்டும் பாருங்கோ.

பலம் எண்டது வயசு மட்டும் இல்லை எண்டதையும் சொல்லோணும். ஆம்பிளைப்பிள்ளை எண்டு தலையில தூக்கி வைச்ச தம்பி அக்காவைப் படுத்திற பாட்டை நான் எத்தினை வீட்டில பாத்திருக்கிறன், அவள் ஒண்டு சொன்னா "பொம்பிளைப்பிள்ளை நீ பொறுத்துப் போ" எண்டு முடிச்சிடுவினம். காது கேக்காத, கால் ஏலாத பிள்ளை இருக்கிற வீட்டிலயும் இது நடக்கும். இன்னொண்டு எங்கட வன்னியில கூட, தாய் வெளிநாட்டில வேலைக்குப் போனது, தகப்பன் இல்லாதது எண்டு சித்தி வீட்டில பெரியம்மா வீட்டில வளருற பிள்ளையள். அதுகளுக்கு அடி விழுறதை விட "இது உங்கட வீடில்லை" எண்ட சொல்லுத்தான் விழும், அதுவும் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கேக்க. மச்சான் முறையோ தங்கச்சி முறையோ ஒரே கூரைக்குள்ள வளர்ந்தா கணக்கு ஒண்டுதான்.

என்னென்ன குறி இருக்கு எண்டு கேட்டா, பள்ளிக்கூடத்தில பிரச்சினை இருக்கிற பிள்ளைக்குத் திங்கக்கிழமை காலமை வயித்துக்குத்து வரும், வீட்டில பிரச்சினை இருக்கிற பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வரும். லீவு விடப்போகுது எண்டா மற்றப் பிள்ளையள் துள்ளும், இது சுருங்கும். என்ர சின்னவன் ஆறு மணிக்குப் பிறகு தண்ணியே குடிக்கமாட்டான், நானும் வெயில் காலத்தில என்னடா இது எண்டு பேசியிருக்கிறன். அதோட ஒன்பது வயசில படுக்கையில மூத்திரம் பெய்யத் தொடங்கினான், மூண்டு வயசிலயே நிண்டு போன விசயம். அதுக்கு நான் வெக்கத்தைக் குடுத்தனே ஒழிய ஏன் எண்டு கேக்கேல்ல. இன்னும் பாருங்கோ, நல்லாப் படிச்சது படிக்காம விடும், நாய்க்குட்டிக்கு அடிக்கும், தன்னை விடச் சின்னதை நுள்ளும், மேல இருந்து வாங்கினதைக் கீழ இறக்கி விடும். எங்கட வீட்டு நாய்க்குட்டி இவன் கிட்டப் போனாலே வாலை மடக்கினது, அதைக் கண்டாவது எனக்கு ஓடியிருக்கோணும்.

"நாங்கள் செல்லடிக்குள்ள, பங்கருக்குள்ள இருந்து 2009ல உயிரோட வந்த ஆக்கள், அண்ணன் குட்டினதெல்லாம் ஒரு கதையோ" எண்டு சொல்லுவினம், என்ர அம்மாவே சொன்னவ. சொல்லுறதில நியாயம் இருக்கிற மாதிரித்தான் கிடக்கும். ஆனா செல்லடிக்கு ஒளிக்க எங்களுக்கு பங்கர் இருந்தது, பக்கத்தில அம்மா இருந்தவ. அண்ணனுக்கு ஒளிக்க இவனுக்கு எந்த இடம் இருக்கு? பள்ளிக்கூடத்தில படுத்திறவன் ஒண்டரைக்கு மணி அடிக்கத் தன்ர வீட்டை போயிடுவான், இவன் இரவு அதே பாயில பக்கத்தில படுக்கிறான்.

மாதர் சங்கக் கூட்டத்துக்கு வந்த உளவளத்துணை உத்தியோகத்தர் ஒராள் இதைப் பற்றிக் கதைச்சவ, பிறகு நானும் போன்ல தேடி வாசிச்சனான். 2014ல இங்கிலாந்தில லூசி பௌஸ், டீட்டர் வோல்க எண்ட ஆராய்ச்சியாளர் ஆக்கள் ஒரு ஆய்வு வெளியிட்டவை, பிறிஸ்டல் பக்கத்தில பிறந்த கிட்டத்தட்ட 7000 பிள்ளையளிட்ட 12 வயசில கேட்டு, அதில பாதிப்பேர் மட்டில 18 வயசில திரும்பப் பாத்தது. 12 வயசில சகோதரத்திட்டக் கிழமைக்குப் பல தரம் கொடுமை வாங்கின பிள்ளையளில 18 வயசாகேக்க 100 பேருக்கு 12 பேர் மட்டில மனச்சோர்வு, அப்பிடி ஒண்டும் நடக்காத பிள்ளையளில 6 பேர் மட்டில. தன்னைத்தானே காயப்படுத்துறதும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2013ல அமெரிக்காவில கொறினா ரக்கர் ஆக்கள் செய்ததும் அப்பிடித்தான், வீட்டில வாங்கினாலும் வெளியில வாங்கினாலும் பிள்ளையின்ர மனத்துக்கு விழுற அடி பெரிய வித்தியாசம் இல்லை எண்டு. அடிவாங்கிற எல்லாப் பிள்ளையும் அப்பிடி ஆகும் எண்டு இதுக்கு அர்த்தம் இல்லை, ஆனா "வளர எல்லாம் சரிவரும்" எண்டு நாங்கள் சும்மா சொல்லுறமே, அதுக்கு ஒரு ஆதாரமும் இல்லை எண்டுதான் எனக்கு விளங்கினது.

சரி, கண்டுபிடிச்சாச்சு, இனி என்ன செய்யிறது. செய்யக்கூடாததை முதல்ல சொல்லுறன், நான் எல்லாத்தையும் செய்து பாத்தனான். ரெண்டு பேரையும் முன்னுக்கு நிப்பாட்டி "ஆர் துவங்கினது" எண்டு விசாரணை வைக்காதேங்கோ, பெரியவனுக்கு வாய் இருக்கும் சின்னவனுக்குப் பயம் இருக்கும், வழக்கு எப்பவும் ஒரு பக்கம்தான் தீரும். "கட்டிப்பிடிச்சு சொறி சொல்லு" எண்டு நெருக்காதேங்கோ. "நீயும் திருப்பி அடி, ஆம்பிளை தானே" எண்டது இன்னும் மோசம், ஒன்பது வயசு பதினாலு வயசுக்கு எப்பிடித் திருப்பி அடிக்கிறது? பெரியவனுக்கு தும்புத்தடியால போட்டால் ஆத்திரம் அடங்கும், உங்கட ஆத்திரம், அவன்ர இல்லை. அவன் அந்த அடியை அடுத்த நாள் ரெண்டு மணிக்கு வட்டியோட சின்னவனிட்ட அறவிடுவான், அதோட "பலம் உள்ளவன் அடிக்கலாம்" எண்ட பாடத்தைத்தான் நாங்களும் படிப்பிச்சதா முடியும்.

பெரியவன் பக்கத்தில இல்லாத நேரமாப் பாத்துச் சின்னவனோட கதையுங்கோ, அதுவும் முகத்துக்கு முகம் பாத்துக் கதிரையில இருத்திவைச்சு இல்லை. கையில ஒரு வேலை இருக்கோணும், கண் வேற பக்கம் இருக்கோணும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனனாங்கள், நான் உடுப்புத் தோய்ச்சுக்கொண்டிருக்க அவன் காலைத் தண்ணிக்குள்ள விட்டுக்கொண்டு இருந்தவன். அண்ணா அடிக்கிறவனோ எண்டு நான் கேக்கேல்ல, அப்பிடிக் கேட்டா இல்லை எண்டுதான் சொல்லுவான், காட்டிக்குடுத்தா என்ன நடக்கும் எண்டு அவனுக்குத் தெரியும். அதை விட்டிட்டு "எங்கட வீட்டில உனக்குப் பிடிக்காத இடம் எதடா அப்பு" எண்டு கேட்டன்.

"கக்கூஸ்."

"ஏன், மணக்குதோ?"

"லைற் நூரும்."

நான் உடுப்பை விடாமத் தோய்ச்சன். எங்கட வீட்டுத்திட்ட வீடு, கக்கூஸ் வளவுக்குப் பின்னால தனிய, இவர் செலவைப் பாத்து சுவிச்சை விறாந்தையிலதான் வைச்சவர். கதவுக்கு வெளியாலயும் ஒரு கொண்டி, ஆடு மாடு போகாம இருக்கப் போட்டது.

"நூர்ந்தா பிறகு?"

"பிறகு எண்ணுவன். நூறு மட்டும் எண்ணினா அண்ணா திறப்பான்." கொஞ்ச நேரம் பேசாம இருந்திட்டு, "சில நாள் முந்நூறு" எண்டான்.

இப்ப விளங்குதோ ஏன் தண்ணி குடிக்கேல்ல எண்டு. அந்த இடத்தில நீங்கள் அழக்கூடாது, கத்தக்கூடாது, "வரட்டும் அவன் இண்டைக்கு" எண்டு சொல்லவே கூடாது, சொன்னீங்கள் எண்டால் பிள்ளை அதோட வாயை மூடிடும். நான் சொன்னது இவ்வளவுதான், நீ சொன்னது நல்லம், உன்னில பிழை இல்லை, இதை நான் பாக்கிறன், நீ சொன்னதெண்டு அண்ணாவுக்குச் சொல்லமாட்டன். சொன்ன மாதிரியே நடக்கோணும். நான் ஒரு நாள் காமன்ஸ் பஸ்ஸுக்கு நிக்காம நேரத்தோட வந்து நானே கண்ணால கண்ட பிறகுதான் பெரியவனோட கதைச்சனான்.

பெரியவனோட கதைக்கிறதுதான் கஸ்டம். அவனும் உங்கட பிள்ளை எண்டதை மறக்காதேங்கோ, கொடுமை செய்யிற பிள்ளைக்கும் ஏதோ ஒண்டு குறையுது. அவன் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கேக்க பக்கத்தில குந்திச் சொன்னன், "நேற்று லைற்றை நூத்ததைக் கண்டனான். ஏன் எண்டு கேக்க வரேல்ல. இனி அது நடக்கக்கூடாது. அதோட இன்னொண்டு, உன்னட்ட ரெண்டு போடச் சொன்னது நான், அது என்ர பிழை. இண்டையில இருந்து அந்த வேலை உனக்கு இல்லை."

அவன் நிமிராமலே கேட்டான், "அப்ப ஆர் அவனைப் படிக்கச் சொல்லுறது, ஆர் குளிக்கச் சொல்லுறது?"

"நான் வந்து சொல்லுறன். அவன் படிக்காட்டி அது எனக்கும் அவனுக்கும் உள்ள கதை."

அதுக்குப் பிறகு ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்ல. மூண்டாம் நாள் இரவு குசினிக்குள்ள வந்து நிண்டு, "எல்லாரும் கிறவுண்டுக்குப் போறாங்கள், நான் மட்டும் ஒரு வருசமா உவனைக் காத்துக்கொண்டு இருக்கிறன், ஆருக்குத் தெரியும்" எண்டான். உண்மைதான், எனக்குத் தெரியேல்ல. வொலிபோல் எண்டா உயிரை விடுறவன். நாங்கள் அவனுக்கு அதிகாரத்தைக் குடுத்தம் எண்டு நினைச்சம், அவனுக்கு அது மறியல் மாதிரி இருந்திருக்கு, மறியல்காரன் தன்னை விடச் சின்ன மறியல்காரனில காட்டினான். எல்லா வீட்டிலயும் இதுதான் காரணம் எண்டு சொல்லேல்ல, சில பெரியவைக்குப் பள்ளிக்கூடத்தில ரியூசனில ஆரோ இதையேதான் செய்துகொண்டிருப்பினம், சில வீட்டில தகப்பன் தாய்க்குச் செய்யிறதைப் பாத்துப் பழகியிருக்கும். அதைக் கேட்டு அறியுங்கோ. ஆனா காரணம் தெரிஞ்சதெண்டு செய்ததை விட்டுக்குடுக்கக்கூடாது, ரெண்டும் வேற வேற.

புத்திமதியை விட வீட்டு ஒழுங்கை மாத்துறதுதான் வேலை செய்யும் எண்டது என்ர அனுபவம். சுவிச்சை கக்கூஸ் வாசலுக்கு மாத்தி, வெளிக்கொண்டியைக் கழட்டி எறிஞ்சாச்சு, அரைநாள் வேலை. வீட்டில எந்த இடத்தில எந்த நேரத்தில நடக்குது எண்டு கண்டுபிடியுங்கோ, எங்கட வீட்டில கூடுதலா ரெண்டு மணிக்கும் அஞ்சு மணிக்கும் இடையில. செவ்வாயும் வெள்ளியும் சின்னவன் பள்ளிக்கூடத்தால நேரா அம்மம்மா வீட்டை, பெரியவன் கிறவுண்டுக்கு. மற்ற நாளில பக்கத்து வீட்டு அக்கா மூண்டு மணிக்கு ஒருக்கா எட்டிப் பாப்பா, பதிலுக்கு அவவின்ர சங்கக்காசை நான் கொண்டுபோய்க் கட்டுறனான். பாயையும் பிரிச்சிட்டம், சின்னவன் எங்களோட. போன்தான் பெரிய அரியண்டம், 2020ல கொரோனாவுக்கு ஒன்லைன் படிப்பெண்டு வாங்கினது, ஒரு போன், பாஸ்வேர்ட் பெரியவனிட்ட, அப்ப அவன்தான் ராசா. இப்ப பாஸ்வேர்ட் என்னட்ட, நேரத்தைப் பேப்பரில எழுதிக் குசினிக் கதவில ஒட்டியிருக்கு. ஒட்டின முதல் கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து எனக்கு எதிரா நிண்டாங்கள், எனக்கு அது ஒரு வகையில சந்தோசம்தான்.

சேதம் செய்தா சொறி சொல்லிக் காணாது, அதைச் சரிப்படுத்தோணும். கொம்பாஸ் பெட்டியை உடைச்சா உண்டியல் காசில வாங்கிக் குடுக்கோணும், கொப்பியைக் கிழிச்சா இருந்து எழுதிக் குடுக்கோணும். சின்னவன் மன்னிக்கோணும் எண்டு கட்டாயம் இல்லை, அது அவன்ர இஸ்டம்.

பட்டப்பேர் கதைக்கு வாறன். மொக்கன், கறுப்பன், குண்டு, படுக்கையில பெய்யிறது. அடி ஆறிடும் இது ஆறாது. வீட்டில இனி பேரைத் தவிர வேற ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறதில்லை எண்டு சொல்லிப்போட்டன், ஆனா பிள்ளையளை விட பெரியாக்களைத் திருத்துறதுதான் பாடு. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" எண்டு அம்மா இப்பவும் பேரனுக்குச் சொல்லிச் சிரிப்பா, எனக்கும் சொன்னவ, எல்லாருக்கும் சொல்லுற பகிடிதான், ஆனா அதையே அண்ணன் தினம் தினம் சொல்லேக்க ஒன்பது வயசுக்கு அது உண்மையாத்தான் கேக்கும். இவன் ஒரு நாள் என்னட்டத் தன்ர பிறப்புப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டவன். அம்மாவுக்கு அதைச் சொன்னன், அதுக்குப் பிறகு அவ சொல்லுறேல்ல. வாற மாமாமார் பெடியளை மல்லுக்கட்ட விட்டுக் கைதட்டுறதையும் நிப்பாட்டுங்கோ, கோவிச்சாக் கோவிக்கட்டும். அண்ணாவைப் பாத்துப் படி எண்டு ஒப்பிடுறதும் அந்தக் கணக்குத்தான்.

வீட்டுக்குள்ள வைச்சிருக்கக்கூடாத விசயமும் இருக்கு. கழுத்தை நெரிக்கிறது, கத்தி மண்வெட்டி எண்டு தூக்கிறது, உடம்பில தொடக்கூடாத இடத்தில தொடுறது, ஆருக்கும் சொன்னா கொல்லுவன் எண்டு வெருட்டுறது, பிள்ளை சாகப்போறன் எண்டு கதைக்கிறது அல்லது கையைக் கீறுறது. இதுகளை "குடும்ப மானம்" எண்டு மூடாதேங்கோ. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர 1929க்கு எந்த நேரமும் எடுக்கலாம், காசில்லை. மனநலத்துக்கு 1926. பிரதேச செயலகத்தில சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பினம், ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கும், அங்க போனா விசர் எண்டு எழுதிவிடுவினம் எண்ட பயம் தேவையில்லை. அடிவாங்கிற பிள்ளையை மட்டும் இல்லை, அடிக்கிற பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ.

என்ர தம்பியின்ர கதை சொல்லுறன் எண்டனான். எங்கட சின்ன வயசில இஞ்ச கரண்ட் இல்லை, குப்பி விளக்குத்தான், இரவில தம்பி விளக்கோட பின்வளவுக்குப் போகேக்க நான் பின்னால போய் ஊதிப்போட்டு ஓடி வந்திடுவன், அவன் இருட்டில நிண்டு குழறுவான், எனக்குச் சிரிப்பு. போன வருசம் பிரான்சில இருக்கிறவனுக்கு கோல் எடுத்து இதைக் கேட்டன், உனக்கு ஞாபகம் இருக்கோ எண்டு. மற்றப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "இப்பவும் லைற் போட்டிட்டுத்தான் படுக்கிறனான், மனிசிக்கு அதால கரைச்சல்" எண்டான். அதுக்கு நான் என்ன சொல்லுறது, செய்தது நான்தானடா எண்டு சொன்னன், ஓம் எண்டான், பிறகு மழை எப்பிடி எண்டு கேட்டான். உங்களிலயும் இப்பிடி ஆராவது இருந்தா ஒரு கோல் எடுத்துப் பாருங்கோ.

ஒரு மாதத்தில சரிவரும் எண்டு நினைக்காதேங்கோ. எங்கட வீட்டில மூண்டு மாதம் நல்லாப் போய், தவணைப் பரீட்சை நேரம் பெரியவன் திரும்பச் சின்னவன்ர கையை முறுக்கினவன். அடிக்கேல்ல, கத்தேல்ல, திரும்ப முதல்ல இருந்து, அவனைத் தனிய இவனைத் தனிய, அந்தக் கிழமை கிறவுண்டு இல்லை, ஆர் எங்க எந்த நேரம் எண்டு குசினிக் கதவில புதுப் பேப்பர். ஆனா சின்னவன் இந்த முறை படலையடியில நிக்கேல்ல, பஸ்ஸால இறங்கி வர வீட்டுக்குள்ள இருந்து "அம்மா, அண்ணா கையை முறுக்கினவன்" எண்டு கத்திச் சொன்னான், அண்ணன் பக்கத்தில இருக்கேக்கயே.